கரண்ட் போனால் முதலில் லீவரைத் தள்ளுங்க

பழைய நாலு ஸ்பீடு ரெக்கார்டு பிளேயர் ஒன்று விலைக்கு வருது, 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்கு ரெக்கார்டு) ஓடுமா, வாங்கலாமா என்று கிருஷ்ணகிரி நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தார். இங்கே அதே ரகத்துக்கு ரப்பர் சக்கரம் மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன். கொஞ்சம் சூடு தெரிந்தால் பொறுத்துக்கங்க.

ஓடும், அருமையாக ஓடும். இப்போ வரும் பெட்டி பிளேயர்கள் பலதில் 78 சுவிட்ச் மட்டும்தான் இருக்கு, ஊசி எல்.பி. (33⅓ சுற்று வினைல் தட்டு) ஊசியேதான். 78 தட்டின் பள்ளம் அகலம். ஊசிமுனையின் ஆரம் 75 மைக்ரான் அளவில் இருக்கணும். எல்.பி.க்கு 18 முதல் 25 போதும். சின்ன ஊசியை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையைத்தான் கிளறும், பாட்டுக்கு முன்னால் கரகரப்பு வரும். பழைய பிளேயரில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் குட்டித் தகட்டைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி., மறுபக்கம் 78. திருப்ப மறந்து 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டு போச்சு.

எரிச்சல் எல்லாம் அந்த ரப்பர் சக்கரம்தான். மோட்டார் தண்டில் படிப்படியாக நாலு தடிமன். தடித்த படி 78-க்கு. அந்தப் படிக்கும், ரெக்கார்டைத் தாங்கும் சுழல் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே சக்கரம் அழுந்தி நின்று சுற்றும். லீவரை ஆஃப் பண்ணினால் சக்கரம் விலகும். ஆனால் பாதிப் பாட்டில் கரண்ட் போனால்? விலகாது. அப்படியே அழுந்திக் கிடக்கும். ரெண்டு நாள் கவனிக்காமல் விட்டால் ரப்பரில் பள்ளம், அப்புறம் டொக் டொக்தான். தட்டு ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு டொக் என்றால் கீறல். பல தடவை என்றால் சக்கரம். லேசான பள்ளத்தைச் சக்கரம் சுற்றும்போதே 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்து எடுக்கலாம். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அது ரப்பரில் பட்டால் வழுக்கும், வேகம் குறையும்.

சுழல் தட்டின் உள்விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம். அதே துணி 78 தட்டுப் பக்கம் போகவே கூடாது. அது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும்.

வேகம் பார்க்க 180 கோடு வட்டமாகப் போட்ட ஸ்ட்ரோப் தட்டை (வேகம் சோதிக்கும் தட்டு) மேலே வைத்து, சோக் போட்ட பழைய டியூப் லைட்டின் சிமிட்டும் வெளிச்சத்தில் பாருங்க. 33⅓-இல் கோடுகள் அசையாமல் நிற்கணும். பல எல்.இ.டி. பல்பு சிமிட்டாது, அதில் ஒன்றும் தெரியாது. அடியில் வைக்க நம்ம ஊர் பாலிஷ் பட்டறையில் கழித்துப்போட்ட கருப்பு கிரானைட் துண்டு ஒன்று போதும். நடை அதிர்வு ஊசிக்கு ஏறுவது கொஞ்சம் குறையலாம்.

வாங்கலாமா என்றால், இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்பேன். வாங்கியே தீருவேன் என்றால் சுழல் தட்டைத் தூக்கி, சக்கரத்து ரப்பரில் நகத்தை அழுத்துங்க. நகம் பதியலையா, ரப்பர் கல்லாகிவிட்டது. புது சக்கரத்து விலையைக் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பிங்க.