இளம் அசேலியாவைப் போன்சாயாக்குதல்: கம்பியா, கத்தரியா?

பூக்களுக்காக வளர்க்கப்படும் புதர்ச்செடியான அசேலியாவில் போன்சாய் வளர்க்க விரும்பும் புதியவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. பென்சிலை விட மெல்லிய, ஓரிரு வயதுக் குச்சிச் செடியை எடுத்து, அதன் அடித்தண்டிலேயே கம்பியைச் சுற்றி வளைவுகளை உண்டாக்கிப் பல ஆண்டுகள் வளர்த்தெடுப்பது ஒரு வழி. தோட்டச் செடியாக நர்சரியில் விற்கப்படும், அடி ஓரளவு பருத்து அடர்ந்து கிளைத்த இளம் புதரை வாங்கி, வேண்டாத தண்டுகளை வெட்டி நீக்கி, எஞ்சியதிலிருந்து மர வடிவத்தைக் கொண்டுவருவது மற்றொரு வழி. முதல் வழியில் கம்பிதான் முதன்மையான கருவி. இரண்டாவதில் கவாத்துக் கத்தரி. புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் அசேலியாவின் வளரும் இயல்பிலேயே உள்ளன.

பெரும்பாலான மரங்களில் நுனிமொட்டே ஓங்கி வளரும். உச்சியைக் கிள்ளி அடக்காவிட்டால் கீழ்க்கிளைகள் நலிந்துவிடும். அசேலியா இதற்கு நேர்மாறானது. இயல்பில் புதராக வளரும் செடியாதலால் அடிப்பகுதியிலிருந்தும் கீழ்க்கிளைகளிலிருந்தும் வலுவான சிம்புகளை விடுகிறது. உச்சிதான் மெலிந்து போகிறது. ஆலிலும் அத்தியிலும் பழகிய கையோடு உச்சியைக் கடுமையாகவும் கீழ்ப்பகுதியை மென்மையாகவும் வெட்டுபவரின் அசேலியா, சில ஆண்டுகளில் தலை மெலிந்து இடை பெருத்த உருவமாக மாறிவிடும். கீழே கண்டிப்பும் மேலே தாராளமும் காட்டுவதே இந்தச் செடிக்கு உரிய முறை. இரண்டாவது இயல்பு, இலையே இல்லாத பழைய தண்டிலிருந்தும் புதிதாகத் துளிர்க்கும் ஆற்றல். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பச்சையே இல்லாத கிளையைக் குட்டையாக வெட்டினால் அந்தக் கிளை இறந்துபோகும். நலமான அசேலியாவோ வெட்டிய சில வாரங்களில் பட்டையைப் பிளந்துகொண்டு மொட்டு விடுகிறது. மூன்றாவது இயல்பு, அதன் கட்டை எளிதில் முறியும் என்பது. இரண்டாவது இயல்பு கத்தரிக்குச் சாதகமானது. மூன்றாவது கம்பிக்குப் பாதகமானது.

குச்சிச் செடி வழியின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் தோச்சிகி மாவட்டத்திலுள்ள கனுமா நகரம் சட்சுகி என்னும் அசேலியா வகைக்குப் பேர்போன இடம். கண்காட்சிகளில் நாம் வியந்து பார்க்கும், அடியிலிருந்து உச்சி வரை பாம்புபோல் நெளிந்து ஏறும் சட்சுகி மரங்களில் பலவற்றின் தொடக்கம், இளம் குச்சியில் சுற்றப்பட்ட கம்பிதான். தண்டு மென்மையாக இருக்கும்போதே அதை வளைத்துவிட்டு, பிறகு அடியிலுள்ள சில கிளைகளை வெட்டாமல் ஓடவிடுவார்கள். அந்தக் கிளைகள் அடித்தண்டைப் பருக்கவைக்கும்; வேலை முடிந்ததும் அவை நீக்கப்படும். அடியின் முதல் வளைவையே வளர்ப்பவர் தீர்மானிக்கலாம் என்பதும், தண்டில் பெரிய வெட்டுத்தழும்பு எதுவும் இல்லாமல் அடியிலிருந்து உச்சிக்குச் சீராக மெலிந்து செல்லும் மரத்தைப் பெறலாம் என்பதும் இந்த வழியின் உண்மையான பலன்கள். இவற்றைக் கத்தரியால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

ஆனால் இதற்குத் தர வேண்டிய விலை காலம். தொட்டியிலேயே வளரும் குச்சி கட்டைவிரல் பருமனை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். நிலத்தில் நட்டால் விரைவு கூடும் என்றாலும் அதற்கேற்ற மண்ணும் குளிர்ச்சியும் எல்லாரிடமும் இல்லை. அத்தனை ஆண்டுகளும் புதியவரின் கைக்குப் பெரிதாக வேலை எதுவும் இராது. கிளையைத் தேர்ந்தெடுப்பது, உச்சியை அமைப்பது, தழையை அடுக்காகப் பிரிப்பது என்று போன்சாயில் கற்க வேண்டிய பாடங்கள் எல்லாம் கிளைகள் உண்டான பிறகே தொடங்குகின்றன.

கம்பி வேலையின் அபாயமும் சிறிதன்று. அசேலியாக் கிளையை வளைக்கும்போது முறிவு பெரும்பாலும் நடுவில் வராது. கிளை தண்டோடு சேரும் கவையில்தான் வரும். வேறு மரங்கள் நார்நாராகக் கிழிந்து எச்சரிக்கை தரும். அசேலியாவில் ‘டக்’ என்ற சிறு ஓசையோடு கிளை கையோடு வந்துவிடும். அதனால் கவையின் உட்புறத்தில் ஒரு கட்டைவிரலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சிறிது சிறிதாக வளைக்க வேண்டும். வளைப்பதற்கு முந்திய நாள் தண்ணீரைக் குறைத்து, கிளையின் விறைப்பு சற்றுத் தளர்ந்த நிலையில் கம்பி சுற்றுவதும், தடித்த தண்டாக இருந்தால் முன்னதாக ராஃபியா நாரைச் சுற்றிக் கட்டுவதும் அனுபவசாலிகளின் வழக்கம். கம்பி அலுமினியமாக, கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாததாக இருத்தல் நல்லது. அசேலியாவின் பட்டை மெல்லியது. வளரும் பருவத்தில் கம்பியைக் கவனியாமல் விட்டால் அது பட்டைக்குள் பதிந்துவிடும். அந்தத் திருகுத்தழும்பு நெடுங்காலம் மறையாது.

இனிப் புதர் வழிக்கு வருவோம். இங்கே வெற்றி தோல்வியில் பாதி, செடியை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. பூவைப் பார்த்து வாங்குவதே எல்லாருக்கும் வரும் ஆசை. பார்க்க வேண்டியதோ அடியை. மேல்மண்ணை விரலால் அரை அங்குலம் விலக்கினால், மண்ணுக்கு அடியில் தண்டு மேலும் பருத்துச் செல்கிறதா, வேர்கள் நாலாபுறமும் பரவுகின்றனவா, அல்லது ஒரே பக்கமாகக் கொத்தாக இறங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். இலை சிறிதாக இருக்கும் வகையே சிறு மரத்தின் அளவுக்குப் பொருந்தும். அந்த வகையில் ஜப்பானின் கியூஷு தீவைச் சேர்ந்த குருமே அசேலியாக்கள் புதியவருக்கு ஏற்றவை. 1918இல் குருமே நகருக்குச் சென்ற தாவர சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் தேர்ந்தெடுத்த 50 வகைகளின் வழியே இவை மேலை நாட்டுத் தோட்டங்களிலும் புகழ்பெற்றன. சட்சுகியில் ‘ஒசகாசுகி’ வலிமையான வகை; தவறான வெட்டையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

வெட்டுவதற்கு உரிய காலம், பூத்து முடிந்தவுடன் வரும் சில வாரங்கள். அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை அசேலியா கோடையிலேயே உருவாக்கத் தொடங்கிவிடுவதால், தாமதமாக வெட்டுபவர் அவற்றையும் சேர்த்தே வெட்டுகிறார். முதலில் செய்ய வேண்டியது தண்டுகளைப் பற்றிய முடிவு. நர்சரிப் புதரில் பெரும்பாலும் அடியிலிருந்தே நான்கைந்து தண்டுகள் கிளம்பியிருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்து ஒற்றைத்தண்டு மரமாக்கலாம். மூன்றையோ ஐந்தையோ வைத்து ஒரே அடியிலிருந்து எழும் கூட்டுமரமாகவும் ஆக்கலாம். ஒற்றைத்தண்டுதான் போன்சாய் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், முதல் செடிக்குக் கூட்டுமரத்தையே நான் பரிந்துரைப்பேன். அது புதரின் இயல்போடு ஒத்துப்போகிறது. அடியில் பெரிய காயங்கள் வேண்டியதில்லை. ஒரு தண்டு பட்டுப்போனாலும் செடி முழுவதும் வீணாவதில்லை. தண்டுகள் பருமனிலும் உயரத்திலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும் என்பதொன்றே விதி.

ஒற்றைத்தண்டை விரும்புபவர் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். அசேலியாவின் வெட்டுக்காயம் மிக மெதுவாகவே மூடும். மூடாத காயத்தின் வழியே ஈரம் இறங்கினால் தண்டின் உட்புறம் உளுத்துவிடும். ஆகவே வெட்டை நறுக்கென்று, சுற்றியுள்ள பட்டையின் மட்டத்துக்குச் சற்றுக் குழிவாக முடித்து, உடனே காயப் பசையைப் பூச வேண்டும். சில வாரங்களில் வெட்டின் அருகிலும் பழைய கணுக்களிலும் செம்பச்சை நிறக் கடுகுமணிகளாக மொட்டுகள் புடைக்கத் தொடங்கும். அவை எல்லாவற்றையும் வளரவிடுவதும் தவறு, உடனே கிள்ளிவிடுவதும் தவறு. சற்று நீண்ட பிறகு, ஒரே இடத்தில் வட்டமாகக் கிளம்பும் நான்கைந்து துளிர்களில், பக்கவாட்டில் எதிரெதிராகச் செல்லும் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். அப்படியே விட்டால் அந்த இடம் முடிச்சுப்போல் வீங்கி, கிளை அடியில் மெலிந்து நுனியில் பருத்த அவலட்சணத்தை அடையும். தொடக்க ஆண்டுகளில் பூமொட்டுகளையும் பெரும்பாலும் கிள்ளிவிடுவதே செடிக்கு நல்லது. பூவுக்காகவே அசேலியாவைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது மனவருத்தம் தரும்தான். ஆனால் பூக்க வேண்டிய வலுவெல்லாம் அப்போது கிளைக்குத் தேவைப்படுகிறது.

கிளை வேலையையும் வேர் வேலையையும் ஒரே பருவத்தில் செய்யும் வல்லுநர்கள் உண்டு. புதியவர் அதைப் பின்பற்ற வேண்டாம். ஓர் ஆண்டு வெட்டு, செடி தேறியபின் அடுத்த ஆண்டு தொட்டி மாற்றம் என்று பிரித்துக்கொண்டால், செடி வாடும்போது காரணம் எது என்பதாவது தெளிவாகத் தெரியும். அசேலியாவின் வேர் தலைமுடி போன்ற மென்மையானது; கொக்கியால் வாரி இழுத்தால் அறுந்துவிடும் என்பதால், மூங்கில் குச்சியாலும் நீர்த்தாரையாலும் பொறுமையாகப் பிரிக்க வேண்டும்.

மண்ணிலும் நீரிலும் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு இல்லை. அசேலியாவுக்கு அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் வேண்டும். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் அகாகி எரிமலை உமிழ்ந்த நுரைக்கல், கனுமா மண் என்ற பெயரில் இதற்கெனவே விற்கப்படுகிறது. ஈரமாக இருக்கும்போது அடர் மஞ்சளாகவும் காயும்போது வெளிறியும் தோன்றுவதால், எப்போது நீர் விடுவது என்பதை அந்த மண்ணே புதியவருக்குக் காட்டிவிடும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இச்செடிக்கு ஆகாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணின் அமிலத்தன்மை குறைந்து இரும்புச்சத்து எட்டாமற்போனதைப் பெரும்பாலும் அது காட்டும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே எளிய தீர்வு. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசும் அசேலியாவும் ஒரே ரோடோடெண்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தவை. அந்த மலைக்குளிரும் புளிப்பு மண்ணும் இவ்வினத்துக்கு எவ்வளவு இசைவானவை என்பதற்கு அதுவே சான்று. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் தயங்காமல் தொடங்கலாம். சென்னை, மதுரை வெயிலில் இருப்பவர்கள் இந்த இரண்டு வழிகளையும் விட்டு, வேறொரு மரத்தைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான அறிவுரை. மற்றொன்றும் சொல்ல வேண்டும்: அசேலியாவின் இலையும் பூந்தேனும் நச்சுத்தன்மை உடையவை என்பதால், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடத்தில் தொட்டியை வைக்க வேண்டும்.

புதர் வழியின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அடித்தண்டின் வளைவு நர்சரியில் எப்படி அமைந்ததோ அப்படியே இருக்கும்; பருத்த தண்டை வளைக்க முயன்றால் முறியும். கனுமாவின் நெளிந்த மரங்களைப் போன்ற ஒன்று இதிலிருந்து வராது. ஆயினும் முதல் ஆண்டிலேயே கிளையைத் தேர்ந்தெடுக்கவும், துளிரைக் குறைக்கவும், கீழ்க்கிளையை அடக்கி உச்சியைத் தேற்றவும் கை பழகுகிறது. புதிதாக வந்த பச்சைக் கிளைகளில் மெல்லிய கம்பியைச் சுற்றி, முறியும் எல்லை எது என்பதையும் விரல் கற்றுக்கொள்கிறது. செடியின் விலையும் குறைவு, இழப்பைத் தாங்கலாம்.

கம்பி வழியில் உண்மையான ஆர்வம் உள்ளவர் அதற்கெனத் தனியாகச் செடி வாங்கவும் தேவையில்லை. பூத்தபின் புதரை வெட்டும்போது கழிபவற்றில், அவ்வாண்டு வளர்ந்து பாதி முற்றிய குச்சிகளை இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு நறுக்கி, கீழிலைகளை நீக்கி, கனுமா மண்ணிலோ மணல் கலந்த தேங்காய் நார்க்கழிவிலோ ஊன்றி, நிழலில் ஈரம் குறையாமல் மூடிவைத்தால், இரண்டு மாத அளவில் வேர் பிடிக்கும். வேர் நன்றாக ஊன்றி, குச்சி ஓர் ஆண்டு தடையின்றி வளர்ந்த பிறகு, அதில் முதல் கம்பியைச் சுற்றலாம்.