ஸ்விஃப்டுக்கு 15, 16, 17 அங்குலம்: அகல டயரில் எது காருக்கு, எது கண்ணுக்கு?

மாருதி ஸ்விஃப்ட் காரின் விஎக்ஸ்ஐ வகையை வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்ற நினைப்பது சக்கரத்தைத்தான். கம்பெனி கொடுப்பது 14 அங்குல இரும்பு ரிம், மேலே ஒரு பிளாஸ்டிக் கப், 165/80 ஆர்14 டயர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காரின் உடம்புக்குச் சக்கரம் சின்னதாகத்தான் தெரியும். அதே காரின் மேல் வகைகள் 185/65 ஆர்15 டயரும் அலாய் எனும் கலப்பு உலோக ரிம்முமாக வருகின்றன. டயர் கடைக்குப் போனால் இவை போக 195/55 ஆர்16, 205/45 ஆர்17 என்று இன்னும் இரண்டு அளவுகளை முன்னால் வைப்பார்கள்.

இந்த நான்கையும் ஸ்விஃப்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை என் காரில், மற்றவற்றை நண்பர்களின் காரில். பெரும்பாலும் கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறை போகும் பாதையில்தான். நேரான சாலை, ஊருக்குள் குண்டுகுழி, ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று ஒரு டயரின் குணம் தெரியத் தேவையான எல்லாம் அந்த ஒரே பாதையில் இருக்கிறது. என் தீர்ப்பு இதுதான்: 14-லிருந்து 15-க்குப் போவதில் கார் முன்னேறுகிறது. 16-ல் கொஞ்சம் கிடைக்கிறது, கொஞ்சம் போகிறது. 17-ல் தோற்றம் மட்டும்தான் கூடுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 165/80 ஆர்14 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 அங்குல ரிம் என்பது 355.6 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழும் உள்ள சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. இதே போல 185/65 ஆர்15 போட்டால் 621.5, 195/55 ஆர்16 போட்டால் 620.9, 205/45 ஆர்17 போட்டால் 616.3. நான்கும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, கியர் விகிதமும் கெடாது.

கடையில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று 195/65 ஆர்15 எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் விட்டம் 634.5 மி.மீ., கிட்டத்தட்ட 2.4 சதவீதம் கூடுதல். மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும், மேட்டில் இழுவை குறையும், சக்கர வளைவுக்குள் இருக்கிற இடத்தையும் அது தின்றுவிடும்.

விட்டம் மாறாமல் ரிம் பெரிதாகும்போது குறைவது பக்கச்சுவர். 132, 120, 107, 92 என்று படிப்படியாக இறங்குகிறது. நான்கு டயருக்கும் உள்ள குணவேறுபாட்டில் பெரும்பங்கு இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. அகலம் அதற்கு அடுத்ததுதான். அகல டயர் தரையை அதிகமாகத் தொடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்றழுத்தமும் காரின் எடையும் அப்படியே இருந்தால் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பரப்பின் வடிவம்தான் மாறுகிறது: நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவில் அது நல்லது. தேங்கிய தண்ணீரில் அதே அகலம் எதிராகத் திரும்பும். அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்குவதும் சீக்கிரமே நடக்கும்.

165-க்கும் 185-க்கும் நடுவே

கம்பெனி போட்ட 165-ஐக் குறைத்துப் பேசக்கூடாது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி திரும்பும், மைலேஜ் நன்றாக இருக்கும், குழியில் விழுந்தாலும் 13 செ.மீ. உயரச் சுவர் அடியை வாங்கிக்கொள்ளும். தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மலையேறும்போதுதான் இதன் பலவீனம் தெரிகிறது. கொண்டை ஊசியில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் முதலில் பக்கச்சுவர் மடங்குகிறது, அதற்குப் பிறகுதான் காரின் மூக்கு திரும்புகிறது. நடுவில் ஒரு சின்னத் தயக்கம். இறக்கத்தில் ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் சீக்கிரமே துடிக்க ஆரம்பித்துவிடும்.

185/65 ஆர்15 இந்தத் தயக்கத்தைப் பெருமளவு எடுத்துவிடுகிறது. அதே வளைவு, அதே வேகம், ஆனால் கை சொன்னதும் மூக்கு திரும்புகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும்; இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். குழியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 12 செ.மீ. சுவர் இன்னும் இருக்கிறதே. சுமைக் குறியீடும் 85-லிருந்து 88-க்கு உயர்கிறது. அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 515 கிலோவிலிருந்து 560 கிலோவாகிறது. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இந்த அளவுக்கும் சேர்த்தே கம்பெனியில் சோதித்துச் சரிசெய்யப்பட்டவை. மேல் வகையிலிருந்து கழற்றி விற்ற கம்பெனி அலாய் நல்ல நிலையில் கிடைத்தால் அதைவிடச் சிறந்த மாற்றம் இந்தக் காருக்கு இல்லை.

ரிம்முக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு 185/70 ஆர்14 ஒரு வழி. விட்டம் 614.6 மி.மீ., வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரும்பு ரிம்மின் பின்பக்கம் 5ஜே (5 அங்குல அகலம்) என்று பொறித்திருந்தால் அதிலேயே தாராளமாக உட்காரும். தோற்றம் மாறாது, ஆனால் பிடிமானம் கூடும்.

16 அங்குலம்: பலேனோ வழி

195/55 ஆர்16 மாருதிக்கு அந்நியமான அளவு இல்லை. பலேனோவின் மேல் வகைகளில் வருவது இதுதான். பலேனோவுக்கும் ஸ்விஃப்டுக்கும் போல்ட் அமைப்பு ஒன்றே: நான்கு போல்ட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் (பிசிடி) 100 மி.மீ., நடு ஓட்டை 54.1 மி.மீ. அதனால் பலேனோ அலாய் ஸ்விஃப்டில் வளையம், ஸ்பேசர் எதுவும் இல்லாமல் நேராக உட்காருகிறது. வெளிச்சந்தை அலாய்க்குப் போகாமல் 16 போட விரும்புகிறவர்கள் இந்த வழியில் போவதுதான் நல்லது.

ஓட்டுவதற்கு இது உற்சாகமான டயர். வால்பாறை வளைவுகளில் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஸ்டியரிங்கில் சாலையின் சொரசொரப்பு வரை தெரியும். ஆனால் மலைக்குப் போகும் முன் பொள்ளாச்சிச் சாலையின் ஒட்டுப்போட்ட பகுதிகளைக் கடக்க வேண்டுமே! அங்கே ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியாக முதுகுக்கு வந்து சேர்கிறது. 107 மி.மீ. சுவர் என்றால், மழைநீர் மூடிய குழியில் வேகமாக இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டயர் நசுங்கி உள்நூல் அறுந்து பக்கத்தில் கொப்புளம் கிளம்பும் வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள். கொப்புளம் வந்த டயருக்குப் பஞ்சர் ஒட்டுவது போல வைத்தியம் கிடையாது, தூக்கித்தான் போட வேண்டும். நெடுஞ்சாலையும் மலையும் அதிகம் ஓட்டுகிறவர், காற்றழுத்தத்தை ஒழுங்காகப் பார்க்கிறவர் இதற்குப் போகலாம். மண் ரோட்டுக் கிராமத்துக்கு வாரம்தோறும் போகிறவர் 15-லேயே நிற்கட்டும்.

17: நிறுத்தி வைத்தால் அழகு

205/45 ஆர்17 போட்ட ஸ்விஃப்ட் நிற்கும் அழகை மறுக்க முடியாது. சக்கர வளைவு நிறைந்து, கார் தரையோடு ஒட்டி நிற்பது போல இருக்கும். ஓட்ட ஆரம்பித்ததும் கணக்கு மாறுகிறது. ரிம் பெரிதாகி எடை கூடுவதோடு, அந்த எடை அச்சிலிருந்து தள்ளி வெளிவட்டத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் எஞ்சின் அதைச் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிரேக் அதை அடக்க வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சின் தருவது 80 முதல் 90 குதிரைத்திறன்தான். சிக்னலில் இரண்டாவது கியரில் முன்பு இருந்த துள்ளல் காணாமல் போய்விடுகிறது. மேட்டில் அடிக்கடி கியர் குறைக்க வேண்டியிருக்கிறது, மைலேஜும் இறங்குகிறது.

சுசூகியே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஜப்பானில் 2017-ல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 1.4 லிட்டர் டர்போ எஞ்சின், 140 குதிரைத்திறன். அந்தக் காருக்கு அவர்கள் போட்டது 195/45 ஆர்17. அவ்வளவு சக்தி உள்ள ஸ்விஃப்டுக்கே 195 அகலம் போதும் என்று தயாரித்தவர்கள் முடிவு செய்திருக்கும்போது, 90 குதிரைத்திறன் காருக்கு 205 எதற்கு?

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 205/45 ஆர்17-ல் 84 என்று அச்சிட்ட டயர்கள் உண்டு. 84 என்றால் 500 கிலோ. கம்பெனி டயரின் 515-ஐவிடக் குறைவு. எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்ட, 88 குறியீடு உள்ள டயரைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும், அது குலுக்கலை இன்னும் கூட்டும்.

அகலத்தைவிட ஆஃப்செட் முக்கியம்

கடையில் எல்லோரும் டயர் அளவைக் கேட்கிறார்கள், ரிம்மின் அகலத்தையும் ஆஃப்செட்டையும் கேட்பவர் குறைவு. காரைக் கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் அவைதான். ரிம்மின் பின்பக்கம் 7ஜே, இ.டி 40 என்பது போலப் பொறித்திருக்கும். முதல் எண் அங்குலத்தில் அகலம். இரண்டாவதுதான் ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சுமுனையில்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும்.

பழைய ரிம் 5.5ஜே, இ.டி 45 என்றும், புதியது 7ஜே, இ.டி 35 என்றும் வைத்துக்கொள்வோம். அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. கூடுகிறது. பக்கத்துக்கு 19. ஆஃப்செட் 10 குறைந்ததால் வெளிப்பக்கம் மொத்தம் 29 மி.மீ. தள்ளும், உள்பக்கம் 9 மட்டுமே. அந்த 29-தான் பின்சீட்டில் ஆள் ஏறியதும் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள உடல் தகடு) விளிம்பில் உரசும். வீல் பேரிங் தாங்க வேண்டிய நெம்புகோலும் நீள்வதால் அதன் ஆயுள் குறையும், குழியில் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். அதே 7ஜே ரிம் இ.டி 45-ல் கிடைத்தால் இருபுறமும் சமமாக 19 வரும். அப்போது சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

உரசலைக் கண்டுபிடிக்க டயரின் தோளில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவையுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்குங்கள்; மறுபக்கமும் அப்படியே. அப்புறம் டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், கறுப்பு பிளாஸ்டிக் லைனரில் வெள்ளைக் கோடு விழுந்த இடம்தான் உரசும் இடம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காராக இருந்தால் லைனர் அந்த இடத்தில் மட்டும் வழுவழுவென்று பளபளக்கும். 17 போட்ட ஒரு நண்பரின் காரில் இடது முன் லைனரில் உள்ளங்கை அகலத்துக்கு அப்படிப் பளபளத்தது. அவருக்கு அதுவரை சத்தம்கூடக் கேட்டதில்லை.

வெளிச்சந்தை அலாய்களில் இன்னொன்று: பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ.க்குக் கடைந்திருப்பார்கள். ஸ்விஃப்ட் ஹப் 54.1. நடுவே ஹப் ரிங் போடாவிட்டால் ரிம் சரியான மையத்தில் உட்காராமல் போகலாம். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், கடைக்காரர் அலைன்மென்ட்டைக் குறை சொல்வார். சின்ன வளையம்தான், கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. உங்கள் மாடலின் மேல் வகையில் கம்பெனியே தரும் அளவுக்குள் நின்றால் இன்சூரன்ஸ் கோரும்போது வாதாட இடம் இருக்கும். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 17-க்கு அந்த வாதம் கிடையாது.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. கையில் இருக்கிற பணத்துக்கு மட்டமான 205-ம் பெரிய அலாயும் வரும் என்றால், அதே பணத்தில் நல்ல ரப்பர் கலவை உள்ள 185/65 ஆர்15 வாங்குங்கள். ஈரச் சாலையில் பிரேக் தூரத்தைத் தீர்மானிப்பதில் ரப்பருக்கும் பட்டன் வெட்டுக்கும் (டயரின் மேற்பரப்புப் பள்ளங்கள்) உள்ள பங்கு அகலத்துக்கு இல்லை.

எந்த அளவு போட்டாலும் பழைய 165/80 ஆர்14 இரும்பு ரிம்மில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், விட்டம் நெருக்கமாக இருப்பதால் பஞ்சர் கடை வரை பயமில்லாமல் ஓடும். ஆனால் சில வெளிச்சந்தை அலாய்கள் தனி நட்டோடு வரும். அந்த நட்டு இரும்பு ரிம்மின் குழியில் சரியாக அமராது. கழற்றிய பழைய நட்டுகளில் நான்கையாவது கடையிலேயே விட்டுவிட்டு வராமல் ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.