லண்டன் சுரங்க ரயில்: ஆய்ஸ்டரா, கையிலிருக்கும் வங்கிக் கார்டா?

நான்கைந்து நாள் லண்டனைச் சுற்றப்போகும் பெரியவர்களுக்கு ஆய்ஸ்டர் கார்டு (லண்டன் ரயில், பேருந்துகளுக்கென முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் கார்டு) வேண்டாம், கேட்டில் தட்டிப் பயன்படுத்தும் வங்கிக் கார்டே போதும் என்பது என் முடிவு. கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான். நாள் உச்சவரம்பும், அதாவது ஒரு நாளில் எத்தனை முறை பயணித்தாலும் அதற்கு மேல் பிடிக்காத தொகையும், ஒன்றுதான். 2025 மார்ச் கட்டணப்படி 1, 2 கட்டண மண்டலங்களுக்கு (நகரின் நடுப்பகுதி) 8.90 பவுண்டு. ஆய்ஸ்டருக்கோ 2025 செப்டம்பரிலிருந்து கார்டின் விலையே 10 பவுண்டு. லண்டனுக்கு வெளியே உள்ள ரெடிங் நகருக்கும் லூட்டன் விமான நிலையத்துக்கும் அது செல்லாது, வங்கிக் கார்டு செல்லும்.

‘வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிப்பார்களே’ என்று தயங்க வேண்டாம். ஐந்து நாள் உச்சவரம்பு 44.50 பவுண்டு. வங்கி 3.5 சதவீதம் பிடித்தாலும் ஏறக்குறைய 1.56 பவுண்டுதான், அதற்கு மேல் கொஞ்சம் ஜிஎஸ்டி.

சிக்கல் வருவது கார்டின் அமைப்பில். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும், அதுவும் செருகியோ தேய்த்தோ பயன்படுத்த மட்டுமே திறந்திருக்கும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, கான்டாக்ட்லெஸ் (தட்டிப் பணம் செலுத்தும் வசதி) இரண்டையும் தனித்தனியே இயக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் கார்டு செல்லாமல் போகலாம். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் செல்லும், ரூபே செல்லாது. கேட் திறந்துவிட்டதால் பணம் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். அன்றைய பயணங்களையெல்லாம் கூட்டி, இரவுக்குப் பிறகு ஒரே தொகையாகத்தான் வங்கியிடம் கேட்பார்கள். கணக்கில் பணம் போதாமலோ வரம்பு குறைவாகவோ இருந்து அது மறுக்கப்பட்டால், நிலுவை தீரும்வரை அந்தக் கார்டு கேட்டில் செல்லாது.

ஆளுக்கொரு கார்டு வேண்டும். உள்ளே போகும்போது கார்டையும் வெளியே வரும்போது அதே கார்டு ஏற்றிய செல்பேசியையும் தட்டினால், இரண்டும் வேறு வேறு கார்டாகப் பதிவாகும். இரண்டும் முடிவுறாத பயணங்களாகக் கணக்காகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும்.

ஆய்ஸ்டர் வாங்கியே ஆக வேண்டிய இடம், 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள். நிலைய ஊழியரிடம் கேட்டு ‘யங் விசிட்டர்’ சலுகையை அதில் ஏற்றிக்கொண்டால் 14 நாள் பாதிக் கட்டணம். வங்கிக் கார்டில் இதற்கு வழியில்லை. 11 வயதுக்குக் கீழ் பெரியவருடன் வந்தால் இலவசம்.

இன்னொரு விதிவிலக்கு, வாரத்தின் நடுவில் வந்து ஏழு நாள் தங்குவோர். வார உச்சவரம்பு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கு. வியாழனன்று வந்து தினமும் உச்சவரம்பைத் தொட்டால் 62.30 பவுண்டு ஆகும். ஆய்ஸ்டரில் ஏற்றும் ஏழு நாள் டிராவல்கார்டை (ஏழு நாளும் எத்தனை முறையும் போகலாம் என்ற பயணச்சீட்டு) எந்த நாளிலும் தொடங்கலாம், 1, 2 மண்டலங்களுக்கு அது 44.70 பவுண்டு. கார்டு விலையைக் கழித்தாலும் 7.60 பவுண்டு மிச்சம். நாளுக்கு இரண்டு பயணம் மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.