அக்கா பொண்ணுக்கு கோர்ஸ் தேட ஓநெட், எஸ்கோ, ப்ரொடெஜே மூணையும் போட்டு பாத்த கதை

அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பயாலஜி கிடையாது. வீட்ல ஆளுக்கொரு கோர்ஸ் சொல்லி புள்ளைய குழப்பிட்டு, கடைசில 4000 ரூபா கட்டி ஒரு கவுன்சிலிங் சென்டருக்கு கூட்டிட்டு போனாங்க. வழவழன்னு கலர்ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, அதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பொருந்தும்னு இருந்துச்சு. ஏன்னு கேட்டா "சாஃப்ட்வேர் அப்படித்தான் சொல்லுது மேடம்". அந்த பதில்தான் எனக்கு ஆறவே இல்ல, நானும் டேட்டா வேலைதான் பாக்கறேன், சாஃப்ட்வேர் சும்மா சொல்லாது, நாம சொல்லிக் குடுத்தத தான் சொல்லும். சரின்னு லீவ் நாள்ல நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஃப்ரீயா கிடைக்கறத எல்லாம் ட்ரை பண்ணோம்.

மொதல்ல ஓநெட். அமெரிக்க தொழிலாளர் துறையோட வேலை விவரத் தொகுப்பு. அதோட மை நெக்ஸ்ட் மூவ் சைட்ல இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர்னு 60 கேள்வி இருக்கு, லாகின் கிடையாது, காசு கிடையாது, முக்கியமா போன் நம்பர் கேக்கல (நம்ம ஊர் சைட்டுங்க ஓடிபி வாங்கிட்டு ஆறு மாசம் போன் போட்டே உயிர எடுப்பாங்க). கிச்சன் கேபினட் செய்ய பிடிக்குமா, செங்கல் பதிக்க பிடிக்குமா, புது மருந்து கண்டுபிடிக்க பிடிக்குமான்னு போகுது. "ஏன் சித்தி, செங்கலுக்கு பிடிக்கும்னு போட்டா கொத்தனார் ஆக்கிடுமா?"ன்னு கேட்டா. ஆக்காது, மொத்தத்தையும் கூட்டி ஹாலண்ட்ங்கற சைக்காலஜிஸ்ட் விருப்பங்கள பிரிச்ச ஆறு வகைல மார்க் போடும். ஆரம்பத்துலயே அதுக்கு வேணுங்கற படிப்பு இருக்கா, சம்பளம் எவ்ளோன்னு யோசிக்காதீங்கன்னு எழுதிருக்கான், நம்ம வீட்ல அந்த ரெண்ட தவிர வேற எத யோசிக்கறோம் சொல்லுங்க.

இவளுக்கு ஆராய்ச்சியும் கை வேலையும் மேல வந்துச்சு, லிஸ்ட்ல சுற்றுச்சூழல் இன்ஜினியர்னு ஒண்ணு. எங்க வீட்ல யார் வாயிலயும் வராத பேரு. கிளிக் பண்ணா அந்த வேலைல என்னென்ன செய்யணும், எந்த பாட அறிவு எவ்வளவு முக்கியம்னு நம்பரோட வருது, இப்படி 900க்கு மேல வேலைக்கு டேட்டா வச்சிருக்கான். அப்பறம் அந்த வேலைக்கு எந்த படிப்புங்கறதயும் இணைச்சு வச்சிருக்கான், அதாவது வேலைலேருந்து படிப்புக்கு பின்னோக்கி நடந்து வரலாம். காட்டற காலேஜ் எல்லாம் அமெரிக்காவுல இருக்கறதால நமக்கு படிப்போட பேர் மட்டும்தான் மிச்சம், சிவில் எடுத்துட்டு மேல்படிப்புல இந்த பக்கம் திரும்பலாம்ங்கற ஐடியா அங்கேருந்துதான் வந்துச்சு.

எஸ்கோ ஐரோப்பிய கமிஷனோட வேலை, திறமை பட்டியல். சுமார் 3000 வேலை, 13,000க்கு மேல திறமை, கட்டாயம் வேணுங்கறது தனி, இருந்தா நல்லதுங்கறது தனி. ஒரு திறமைய கிளிக் பண்ணா அது எந்தெந்த வேலைக்கு வேணும்னு வரும், அது மட்டும் சூப்பர். மத்தபடி டெஸ்ட் எதுவும் இல்ல, டிக்ஷனரி படிக்கற மாதிரி இருக்கு, 28 மொழில அரபி கூட இருக்கு தமிழ் இல்ல. பொண்ணு பத்து நிமிஷத்துல கொட்டாவி விட்டுட்டா.

ரெண்டுக்கும் நம்ம ஊர் ஃபர்ஸ்ட் குரூப்பும் தெரியாது, கணக்கு 100 ஃபிசிக்ஸ் 50 கெமிஸ்ட்ரி 50ன்னு 200க்கு போடற கட் ஆஃபும் தெரியாது. அதான் ஸ்டான்ஃபோர்டோட ப்ரொடெஜேங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர இறக்கி நானே ஒரு ஆன்டாலஜி கட்டினேன், அதாவது எது எதோட எப்படி சம்பந்தப்படுதுன்னு கம்ப்யூட்டருக்கு புரியற மாதிரி எழுதி வைக்கறது. கோர்ஸ், அதுக்கு வேண்டிய பாடம், இவ படிச்ச பாடம், இவ விருப்பம், காலேஜ் இருக்கற இடம், அவ்வளவுதான். எழுதினத வச்சு தானா முடிவுக்கு வர்ற ரீசனர்ங்கற பகுதிய ஓட்டி, இவ சேர முடியாத கோர்ஸ் எதுன்னு கேட்டேன். ஒண்ணுமே வரல! பிஎஸ்சி நர்ஸிங்குக்கு பயாலஜி கட்டாயம்னு நான்தான் எழுதிருக்கேன், அப்பவும் வரல.

ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்ச அப்பறம்தான் புரிஞ்சுது, இது நம்ம எக்ஸெல் மாதிரி இல்ல. எழுதாததெல்லாம் இல்லன்னு எடுத்துக்காது, தெரியலன்னு எடுத்துக்கும். இவ பயாலஜி படிக்கலன்னு நான் எங்கயுமே சொல்லலையே. படிச்ச பாடம் இவ்ளோதான்னு கதவ சாத்தணும், அதுக்கு மேல பயாலஜியும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஒண்ணு இல்ல, வேற வேறன்னு கூட சொல்லித் தரணும், குழந்தைக்கு சொல்ற மாதிரி. சொன்ன அப்பறம் டக்குனு நர்ஸிங் வெளிய போயிடுச்சு. பழகாதவங்களுக்கு இது சத்தியமா கொடுமை, ஸ்க்ரீன பாத்தாலே பயந்துருவாங்க, அந்த விஷயத்துல அஞ்சுக்கு ரெண்டுதான் தருவேன்.

ஆனா ஒண்ணு, ரீசனர் கண்டுபிடிச்சதெல்லாம் மஞ்சள் கலர்ல வரும், பக்கத்துல கேள்விக்குறி பட்டன் இருக்கும். அத அமுக்குனா எந்தெந்த வரிய வச்சு இந்த முடிவுக்கு வந்தேன்னு வரி வரியா காட்டும். 4000 ரூபா குடுத்தும் கிடைக்காத அந்த "ஏன்" இதான்.

பொருந்தற கோர்ஸ்னு மூணே மூணு மஞ்சளா வந்துச்சு. பொண்ணு கேள்விக்குறிய அமுக்கி நிதானமா படிச்சா. பாடம் ஓகே, விருப்பம் ஓகே, கடைசி வரில நின்னுட்டா, "சொந்த மாவட்டத்துல இருக்கணும்".

"இத யாரு சித்தி சொன்னது?"

அக்காதான் சொன்னா, நான் யோசிக்காம டைப் பண்ணிட்டேன். அவளே அத அழிச்சுட்டு திரும்ப ஓட்டினா, மூணு பதினொண்ணு ஆச்சு. அக்காகிட்ட இன்னும் சொல்லல.