எரிமலை, நிலநடுக்கச் சொல் அட்டைகள்: இரண்டரை வருடம் கழித்து

பெட்டியில் வந்தவை 40 அட்டைகள். இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், 33 இருக்கின்றன. "சாம்பல்" அட்டையின் ஒரு மூலையைச் சின்னவன் மென்றுவிட்டான். பெரியவளுக்கு நாலு வயதில் வாங்கியது. அவளுக்கு இப்போது ஆறரை, தம்பிக்கு மூன்றரை. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது மூன்று. மனசு நல்லா இருக்கிற நாளில் மூன்றரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அட்டை கெட்டி, தண்ணீர் பட்டாலும் ஊறவில்லை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் பெரிய எழுத்தில் சொல். எரிமலை வாய், புவித்தட்டு, பின்னதிர்வு, நுரைக்கல் என்று சொற்களையும் யோசித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். ஒரே மாதத்தில் மகள் இருபதுக்கு மேல் மனப்பாடம் செய்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒப்பித்துக் காட்டுவாள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அப்புறம் ஒருநாள் எரிமலை வெடிக்கிற காணொளி ஒன்றைக் காட்டி, "என்னடி நடக்குது?" என்று கேட்டேன். "எரிமலை" என்றாள். "சரி, அது என்ன பண்ணுது?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "எரிமலை பண்ணுது" என்றாள்.

அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்துக் கொட்டிப் பார்த்தேன். நாற்பதும் பெயர்ச்சொற்கள். ஒரு வினைச்சொல்கூட இல்லை. எரிமலையும் நிலநடுக்கமும் பொருட்கள் அல்ல, நடப்புகள். நடப்பைச் சொல்ல வினை வேண்டாமா?

வெற்று அட்டைகள் வாங்கி நானே எழுதத் தொடங்கினேன். குமுறு, கொப்பளி, பொங்கு, பீறிடு, கக்கு, வழி, உறை. இந்த வரிசையில் சொன்னாலே ஒரு வெடிப்பின் கதை வந்துவிடுகிறது. "குமுறு"வுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உறுமுவது, "வழி"க்கு சோபாவிலிருந்து மெதுவாகச் சரிந்து தரைக்கு வருவது, "உறை"க்கு அப்படியே அசையாமல் கிடப்பது. கடைசிச் செய்கை எனக்கு மிகவும் பிடித்தது. வீடு இரண்டு நிமிடம் அமைதியாக இருக்கும்.

"கக்கு"வில்தான் ஒரு சிக்கல். தம்பி பால் கக்குவதைப் பார்த்து அந்தச் சொல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "அம்மா, மலைக்கு வயிறு சரியில்லையா?" சிரித்துவிட்டேன், ஆனால் திருத்தவில்லை. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, மேலே வரவர அழுத்தம் குறைந்து குமிழாகப் பிரிந்து, குழம்பையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வயிற்றுக் கோளாறு என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

இதைக் காட்ட சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தாலே போதும். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மலையில் சோடா மாவும் வினிகரும் ஊற்றுகிற விளையாட்டு பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் மலைக்குள்ளே வெள்ளை மாவு இருக்கிறது என்று என் மகள் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த மலை இப்போது பேனா வைக்க உதவுகிறது.

சில சொற்கள் தாங்களே வழி மாற்றிவிடுகின்றன. "எரிமலை" என்கிறோம், அங்கே விறகுபோல எதுவும் எரிவதில்லை. லாவா வெளிவரும்போது கிட்டத்தட்ட 700 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை சூடு, அதனால் ஒளிர்கிறது. "சாம்பல்" அட்டையைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி: "எது எரிஞ்சு சாம்பல் ஆச்சு?" எதுவும் எரியவில்லை, அது நொறுங்கிப் பொடியான பாறையும் கண்ணாடித் துகளும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அட்டையின் பின்பக்கம் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மாக்மா, லாவா இரண்டுக்கும் சேர்த்து "எரிமலைக் குழம்பு" என்று ஒரே அட்டை போட்டதும் சரியில்லை. பூமிக்குள் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்ததும் லாவா. நாங்கள் இதைப் போர்வையில் தீர்த்துக்கொண்டோம். சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு போர்வைக்குள் ஊர்ந்தால் மாக்மா. தலை வெளியே தெரிந்த நொடி லாவா. தம்பி பேசத் தொடங்கிய புதிதில் கற்ற சொற்களில் லாவாவும் ஒன்று.

நிலநடுக்கப் பக்கம் இன்னும் பலவீனம். "ரிக்டர் அளவு" என்று ஒரு அட்டை. ஒரு எண் கூடினால் பதிவாகும் அலையின் உயரம் பத்து மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. நாலு வயதுக்கு இதை எப்படிச் சொல்வது? எடுத்து வைத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு தட்டில் மரக்கட்டைகளை அடுக்கி, தட்டை அசைத்துக்கொண்டே சொற்களைச் சொன்னோம்: அதிருது, ஆடுது, குலுங்குது, சரியுது, இடியுது. எந்தச் சொல்லில் கோபுரம் விழும் என்று பந்தயம். பிறகுதான் உறைத்தது, நிலநடுக்கத்தின் தாக்கத்தைச் சொல்லும் மெர்கல்லி அளவுகோலின் 12 படிகளும் ஏறக்குறைய இப்படித்தான்: தொங்குபவை ஆடும், சுவர் விரிசல் விடும், கட்டடம் இடியும் என்று, மக்கள் கண்டதையும் உணர்ந்ததையும் வைத்தே படி பிரிக்கிறார்கள்.

"உறங்கும் எரிமலை" அட்டையில் இருப்பது ஃபுஜி. 1707-க்குப் பிறகு வெடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஜப்பானில் அதைச் செயல்படும் எரிமலைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். "தூங்குற மாதிரி நடிக்குதா?" என்றாள் மகள். அந்த அட்டையின் கீழே பேனாவால் அதையே எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு தவறு என்னுடையது. மெக்சிகோவில் 1943-ல் ஒரு சோள வயலில் நிலம் பிளந்து பாரிகுட்டின் எரிமலை முளைத்தது, 1952 வரை வளர்ந்து 424 மீட்டர் உயரம் எட்டியது என்ற கதையைப் படுக்கும் நேரத்தில் சொல்லிவிட்டேன். அதிகாலை மூன்று மணிக்கு, "அம்மா, நம்ம கட்டிலுக்குக் கீழ முளைக்குமா?" ஒரு வாரம் தூக்கம் போயிற்று. "முளைக்காது" என்று எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. குனி, நுழை, பிடி என்று மூன்று சொற்களை மேசைக்கு அடியில் ஆடிப் பழகியது பலன் தந்தது. அது நிலநடுக்கத்துக்கான பயிற்சி, எரிமலைக்கு அல்ல. அவளுக்கு அது பற்றிக் கவலையில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது "சுனாமி" அட்டையில். சுவர்போல எழுந்து சுருண்டு நிற்கும் ஒரு ராட்சத அலை. அந்தச் சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் துறைமுக அலை என்றுதான் பொருள். பெரும்பாலும் அது வேகமாக ஏறிவரும் வெள்ளம் போலத்தான் வருகிறது. பல நேரம் அதற்கு முன் கடல் பின்வாங்கிப் போகும். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட்டில், மை காவ் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி கடலின் போக்கு மாறியதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். சுருண்ட அலையின் படம் மட்டும் அவள் மனதில் இருந்திருந்தால் அந்தக் கடலைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும்? கடல் என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடம் அதற்கு ஒரு வினை உண்டு: உள்வாங்கு. நான் எழுதியவற்றில் அதுதான் பெரிய அட்டை. பின்னால், "கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. கரையில் நிலம் பலமாகக் குலுங்கினாலும் ஓடு. உள்வாங்காமலும் அலை வரலாம்."

வாங்கலாமா என்று கேட்டால், நாலு வயதுக்கு மேல் என்றால் வாங்கலாம். அதற்குக் குறைந்தால் மூலைகள் வாய்க்குப் போகும். ரிக்டரையும் சுனாமியையும் முதல் நாளே எடுத்து வையுங்கள். வெற்று அட்டை ஒரு கட்டும் தடித்த பேனாவும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.