மறுபடி தேடுவதா, குறித்து வைப்பதா, பிரதி எடுப்பதா?

ஒருமுறை படித்த பக்கம் மீண்டும் தேவைப்பட்டால், நினைவில் எஞ்சிய இரண்டொரு சொற்களைத் தேடுபொறியில் இட்டுப் பார்ப்பதே பலரது வழக்கம். யாஹூவின் தேடல் பதிவுகளை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, தேடல்களில் 40 விழுக்காடு வரை இத்தகையவை என்று கண்டது. முன்னேற்பாடு எதுவும் வேண்டாம் என்றாலும், முடிவுகளின் வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற மாதம் முதலில் நின்ற பக்கம் இன்று கண்ணில் படாமலே போகலாம். பிரவுசரின் ஹிஸ்டரி அண்மைக்காலத்துக்கு மட்டுமே உதவும். குரோம் 90 நாள் வரைதான் காட்டும்.

புக்மார்க்கைப் பல ஆண்டுகள் நம்பி, கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைத்தவன் நான். (எதை எங்கே போட்டேன் என்று தேடுவது தனி வேலையாயிற்று.) ஆயினும் நான் அதைக் கைவிட்டதற்கு, அது முகவரியை மட்டுமே காக்கிறது, பக்கத்தைக் காப்பதில்லை என்பதே காரணம். 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு 2023இல் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் சேவைகளுக்கும் ஆயுள் உறுதியில்லை. அவற்றுள் ஒன்றான பாக்கெட் (Pocket) 2025 ஜூலையில் மூடப்பட்டது.

ஆகவே இப்போது, வேண்டிய பக்கத்தைப் படித்த உடனேயே பிடிஎஃப் கோப்பாகக் கணினியில் இறக்கி, அதன் தலைப்பை விட்டுவிட்டு, பின்னாளில் எந்தச் சொல்லால் தேடுவேனோ அந்தச் சொல்லையே பெயராக இடுகிறேன். ‘பராமரிப்புக் கையேடு, பகுதி 4’ என்ற பெயர் ஆறு மாதம் கழித்து எனக்கு நினைவிருக்காது. ‘பிரிண்டரில் தாள் சிக்கினால்’ என்பது தாள் சிக்கும்போது தானே நாவில் வரும். மூலத் தளத்தின் பெயரையும் இறக்கிய தேதியையும் பெயரின் இறுதியில் சேர்த்துவிடுவேன். பக்கத்தின் முகவரியை, இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினிலும் கொடுத்துச் சேமித்தால் பொதுவில் ஒரு பிரதி நிற்கும். எனினும் தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் அது விலக்கப்படலாம் என்பதால், அதை மட்டுமே நம்பி நான் இருப்பதில்லை.

சொந்தப் பிரதி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. விதிமுறை, விலைப்பட்டியல், மென்பொருள் வழிகாட்டி போன்று அடிக்கடி மாறுபவற்றுக்குப் புக்மார்க்கே ஏற்றது. தவிர, என் சேமிப்பு சில நூறு கோப்புகளைத் தாண்டவில்லை. ஆயிரக்கணக்கில் பெருகினாலும் இந்த முறை தாங்கும் என்று அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல இயலாது. கைபேசியில் கோப்புக்குப் பெயரிடுவது சலிப்பூட்டுவதால், அங்கே இன்றும் புக்மார்க்தான்.