போல்ட்டுக்குச் செராமிக் கோட்டிங்: துரு போனது, வழவழப்பும் போனது

துருப்பிடிக்காமலிருக்க உலோகத்தின் மேல் அடிக்கும் செராமிக் கோட்டிங்குக்கான கூலி இப்போது குறைந்திருப்பதால், தம் .22 ரைபிளின் போல்ட்டுக்கும் (தோட்டா அறையை மூடித் திறக்கும், கைப்பிடி வைத்த உருளைத் தண்டு) அதை அடித்துவிடலாமா என்று கிளப்பில் உடன் சுடும் நண்பர் ஒருவர் கேட்டார். என் போல்ட்டுக்கு அதை முன்பே அடித்துப் பார்த்தவன் நான். வாயால் சொன்னால் கோபம் மட்டுமே வெளிப்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது திருவொற்றியூரில், கடலுக்கு மிக அருகில். ஜன்னல் கம்பியும் கேட்டின் கீலும் ஆண்டுதோறும் பெயின்ட் கேட்கும் ஊர் இது. ரைபிளோடு வந்த புளூயிங் தனிப் பூச்சு அன்று. எஃகின் மேற்பரப்பே கறுப்பு ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம். அதன் மேலுள்ள எண்ணெய் காய்ந்தால் உப்புக்காற்றுக்கு நிற்காது. ஐப்பசி மழை தொடங்கியதும் போல்ட் கைப்பிடியில், வியர்த்த விரல் பட்ட இடத்தில், ரேகை வடிவிலேயே செம்புள்ளிகள் எழும். செராமிக் அடித்தபின் அந்தத் தொல்லை அறவே இல்லை. மழைக்காலம் முழுவதும் உலர்ந்த துணியால் துடைத்து வைத்ததோடு சரி. போல்ட்டின் வெளி உடலில் ஒரு புள்ளியும் காணவில்லை. இவ்வளவு எதிர்பார்த்து நான் கொடுக்கவில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். என்னுடையது கைப்பிடியைத் தூக்கும்போதே, தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும் வகை. போல்ட்டின் பின்பகுதியில் சாய்வாக வெட்டிய ஒரு சிறு சரிவு, ஊசியின் பின்முனைத் துண்டான காக்கிங் பீஸைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்பிரிங்கின் முழு விசையும் நகத்தின் அகலம்கூட இல்லாத அந்த இடத்தில்தான் விழுகிறது. ஆலையில் கண்ணாடிபோல் மெருகேற்றித் தந்த இடம் அது. செராமிக் பிடிக்க வேண்டுமானால் முதலில் அலுமினியம் ஆக்சைடுத் துகளை வீசி எஃகைச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகுதான் பூச்சு, அதன்பின் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரச் சூடு. லைசன்ஸ் பெற்ற பட்டறைதான். வேலை தெரியாதவர்களும் அல்லர். சியருக்கும் (ட்ரிக்கரை இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து வைக்கும் கொக்கி) ட்ரிக்கருக்கும் கவனமாக மறைப்பு ஒட்டியவர்கள், இந்தச் சரிவை மட்டும் ஒட்டாமல் விட்டு, போல்ட்டை முழுதாகத் துகள் வீச்சில் நிறுத்திவிட்டார்கள். விளைவாக அங்கே அடித்த பூச்சு சில வாரங்களில் உரிந்து, கிரீஸோடு குழைந்து சாம்பல் நிறப் பசையாகப் பஞ்சில் வந்தது. பூச்சுதான் போயிற்று என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. கீழே இருந்த மெருகு முன்பே போய்விட்டது.

ஐம்பது மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 50 நிமிடத்தில் 60 குண்டுகள். அத்தனை முறையும் கைப்பிடியைத் தூக்கியாக வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். தூக்கும்போது நடுவழியில் ஒரு ‘கரகர’ பிடித்தால் கன்னம் ரைபிளின் கட்டையிலிருந்து நகர்கிறது. நகர்ந்த கன்னத்தை மீண்டும் அதே இடத்தில் வைப்பதற்குள் மூச்சு ஒழுங்கு கலைந்துவிடுகிறது. பக்கத்துப் பாதையில் சுடுபவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வேறு.

பூச்சின் கனத்தையும் மறக்கக் கூடாது. பக்கத்துக்கு ஏறத்தாழ 25 மைக்ரான் என்றால் உருளையின் விட்டத்தில் 50 கூடும். போல்ட் உள்ளே ஓடும் கூடான ரிசீவரை இறுக்கமாகச் செய்திருந்தால் அது கைக்குத் தெரியும். உரசும் பகுதிகளுக்கு மாங்கனீஸ் பாஸ்பேட் படலம் பொருத்தமானது என்பது என் கருத்து. அது எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அழகில்லை, அடிக்கடி எண்ணெய் காட்டவும் வேண்டும்.

இத்தனை மழை தாங்கிய பூச்சைக் குறை சொல்வது நியாயமில்லை என்று தெரிந்தும், போல்ட்டுக்கு வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொல்வேன். கூலி குறைந்ததற்காக ஆசைப்பட்டே தீருவார் என்றால், சரிவையும், போல்ட்டை மூடியபின் நகராமல் பூட்டும் பற்களையும் மறைத்துத்தான் அடிக்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கட்டும். என் சரிவை மறுபடியும் மெருகேற்றித் தருவதாகப் பட்டறையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் தனிக் கூலி கேட்கிறார்கள்.